டி105-இல் எழுதியது யார்? பிஎல்சியின் ரெஜிஸ்டர்கள் அமைந்திருக்கும் விதம்

கேள்வி இது. பொட்டலமிடும் இயந்திரம் ஒன்றில் மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யு பிஎல்சி, அதாவது இயந்திரத்தை நடத்தும் சிறு கணினி, இருக்கிறது. ஷிப்டில் விழும் பொட்டலங்களின் எண்ணிக்கை டி100 என்ற ரெஜிஸ்டரில், அதாவது பிஎல்சியின் நினைவகத்தில் எண் வைக்கும் ஓர் இடத்தில், ஏறுகிறது. மின்சாரம் போய் வந்தால் அது பூஜ்யமாகிவிடுகிறது. டி250-இல் வைத்த அமைப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. பொட்டலத்தின் எடை கிராமில் டி102-இல் உள்ளது. எண்ணிக்கையை எடையால் பெருக்கி டி104-இல் வைக்கும் ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்த பிறகு, டி105-இல் இருந்த சீலிங் நேரம் (பொட்டலத்தை ஒட்டும் நேரம்) அழிந்துவிடுகிறது. டி104-இல் சில நேரம் கழித்தல் குறியோடு எண் வருகிறது. பிஎல்சி பழுதா, மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். பிஎல்சி சரியாகத்தான் வேலை செய்கிறது. டி105-இல் எழுதியது நீங்கள் சேர்த்த அந்தப் பெருக்கல் வரிதான். அது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். ஆகவே அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு டி ரெஜிஸ்டர் என்பது 16 பிட். அவ்வளவுதான். அதற்குள் இருப்பது எடையா, நேரமா, எச்சரிக்கை விளக்குகளின் நிலையா என்று பிஎல்சிக்குத் தெரியாது. குறியுள்ள முழு எண்ணாகப் படித்தால் -32,768 முதல் 32,767 வரை அதில் அடங்கும். அதே 16 பிட்டைத் தனித்தனி விளக்குகளாகவும் படிக்கலாம். பக்கத்து ரெஜிஸ்டரோடு சேர்த்து 32 பிட் எண்ணாகவும் படிக்கலாம். 25.5 போன்ற புள்ளி எண்ணாகவும் படிக்கலாம். எப்படிப் படிப்பது என்று முடிவு செய்வது ரெஜிஸ்டர் அல்ல, அதைத் தொடும் கட்டளை. பிஎல்சி புரோகிராமில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரு உண்மையை மறப்பதால்தான் வருகிறது.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். மல் டி100 டி102 டி104. இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்கினால் விடை 16 பிட்டுக்குள் அடங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மல் கட்டளை தன் விடையை எப்போதும் 32 பிட்டாகவே எழுதும். கீழ்ப்பாதி டி104-இல், மேல்பாதி டி105-இல். விடை சிறியதாக இருந்தாலும் இரண்டிலும் எழுதும். 300 பொட்டலம், ஒவ்வொன்றும் 200 கிராம் என்று வையுங்கள். விடை 60,000. இது 65,536-க்குக் குறைவு, ஆகவே மேல்பாதி பூஜ்யம். அந்தப் பூஜ்யம் நேராக உங்கள் சீலிங் நேரத்தின் மேல் போய் உட்காருகிறது. டி105-இல் 8 இருந்திருக்கும். 100 மில்லி நொடி டைமருக்கு அது 0.8 நொடி. அது பூஜ்யமானால் டைமர் தொடங்கியதுமே முடிந்துவிடும், தாடை மூடிய வேகத்தில் திறக்கும், பொட்டலம் ஒட்டாது. ஹீட்டரையும் தெர்மோகப்பிளையும் எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

கழித்தல் குறிக்கும் காரணம் இதுவே. 60,000 என்பது 32,767-ஐத் தாண்டிவிட்டது. டச் ஸ்கிரீனில் டி104-ஐ மட்டும் 16 பிட் குறியுள்ள எண்ணாகக் காட்டச் சொல்லியிருப்பீர்கள். அது 60,000-இலிருந்து 65,536-ஐக் கழித்து -5,536 என்று காட்டும். ஸ்கிரீனில் அந்தக் கட்டத்தை 32 பிட் என்று மாற்றுங்கள், 60,000 சரியாகத் தெரியும்.

ஒரு கட்டளை எத்தனை ரெஜிஸ்டர்களை எடுத்துக்கொள்ளும் என்பது அதை எழுதும் வரியைப் பார்த்தால் தெரியாது. லேடரில், அதாவது ஏணிப் படம் போல எழுதும் பிஎல்சி புரோகிராமில், ஒரே ஒரு எண்தான் கண்ணில் படும். மீதியை அது சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். டிவ் கட்டளை ஈவை ஒன்றிலும் மீதியை அடுத்ததிலும் வைக்கும். முன்னால் டி எழுத்து சேர்ந்த டிமூவ், டிஆட் போன்ற 32 பிட் கட்டளைகள் எல்லாம் இரண்டிரண்டாக எடுக்கும். ஆனால் டிமல் விடைக்கு நான்கு எடுக்கும். கடிகாரத்தைப் படிக்கும் டிஆர்டி கட்டளைக்கு டி50 என்று கொடுத்தால் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, கிழமை என்று டி50 முதல் டி56 வரை ஏழும் அதற்குத்தான். இவற்றைவிடப் பெரிய இடம் பிடிப்பது வெப்பநிலை போன்றவற்றைக் கட்டுக்குள் வைக்கும் பிஐடி கட்டளை. அதற்கு அமைப்பு ரெஜிஸ்டராக டி500 என்று கொடுத்தால் சாதாரணமாக 25 ரெஜிஸ்டர்கள் வரை, அதாவது டி524 வரை அதன் கையில். முதல் ஏழில்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்: மாதிரி நேரம், திசை, வடிகட்டி, கெயின், இன்டக்ரல் நேரம் ஆகியவற்றோடு டெரிவேட்டிவுக்கு இரண்டு. டி507 முதல் டி519 வரை அது தன் உள்கணக்குக்கு வைத்திருக்கிறது. காலியாகத்தானே இருக்கிறது என்று டி510-இல் வேறு எதையாவது வைத்தால் வெப்பநிலை கட்டுக்குள் நிற்காது; எந்த எச்சரிக்கையும் வராமல் ஆடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது மின்சாரம் போனால் மறப்பது. எஃப்எக்ஸ்3யு-வில் டி ரெஜிஸ்டர்களுக்கு எண்ணை வைத்தே ஆயுள் வகுத்திருக்கிறார்கள். டி0 முதல் டி199 வரை சாதாரண ரெஜிஸ்டர்கள். மின்சாரம் போனால் மட்டுமல்ல, ரன்னிலிருந்து ஸ்டாப்புக்கு மாற்றினாலும் இவை பூஜ்யமாகிவிடும். எம்8033 என்ற சிறப்பு பிட்டை ஆன் செய்து வைத்திருந்தால்தான் ஸ்டாப்பில் தங்கும். டி200 முதல் டி511 வரை நினைவில் நிற்பவை. இந்த இரண்டு பகுதிகளின் எல்லையையும் பாராமீட்டரில், அதாவது புரோகிராமோடு சேர்ந்த பிஎல்சி அமைப்புகளில், மாற்றலாம். டி512 முதல் டி7999 வரை நினைவில் நிற்பவை. இவற்றைப் பாராமீட்டரில் சாதாரண ரெஜிஸ்டராக மாற்ற முடியாது. டி8000 முதல் டி8511 வரை பிஎல்சியின் சொந்த உபயோகம்.

உங்கள் டி100 மறக்கும், டி250 மறக்காது என்பதன் காரணம் இப்போது தெரிந்திருக்கும். டி100-ஐப் பாராமீட்டரில் நினைவில் நிற்பதாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாளை வேறொருவர் புதுப் புராஜெக்ட் திறந்து, பாராமீட்டர்களை இயல்பு நிலையிலேயே விட்டு எழுதினால் எல்லை பழைய இடத்துக்குப் போய்விடும்; லேடரில் ஒரு வரிகூட மாறியிருக்காது, ஆனால் இயந்திரம் மறக்கத் தொடங்கியிருக்கும். மறக்கக் கூடாத எதையும் டி512-க்கு மேலே வையுங்கள். எண்ணிக்கையை டி600-க்கு மாற்றுங்கள்.

மாற்றிய பிறகும் பூஜ்யமானால் புரோகிராமில் எம்8002 எங்கே வருகிறது என்று பாருங்கள். ரன்னுக்கு வந்த முதல் ஸ்கேனில் (புரோகிராமை ஒருமுறை முழுதும் ஓட்டும் சுற்றில்) மட்டும் ஆன் ஆகும் பிட் அது. அதோடு சேர்த்து எஃப்மூவ் அல்லது இசட்ஆர்எஸ்டி கொண்டு ஒரு பெரிய பகுதியையே துடைத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. துடைக்கும் எல்லைக்குள் டி600 வருகிறதா என்று சரிபாருங்கள்.

நினைவில் நிற்பவை என்றேன்; எதன் பலத்தில் என்பதையும் சொல்லியாக வேண்டும். எஃப்எக்ஸ்3யு-வில் அது பேட்டரி. புரோகிராம், நினைவில் நிற்கும் ரெஜிஸ்டர்கள், கடிகாரம் எல்லாம் அந்தச் சின்ன லித்தியம் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. அது தளர்ந்தால் முன்பக்கத்தில் பேட் விளக்கு எரியும், எம்8005 ஆன் ஆகும். பேனலுக்குள் இருக்கும் விளக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே எம்8005-ஐ டச் ஸ்கிரீனில் ஒரு எச்சரிக்கையாகக் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு வரி வேலை. அது இல்லாததால் நீண்ட விடுமுறை முடிந்து வந்து சுவிட்சைப் போடும்போது ரெசிபி (ஒவ்வொரு பொருளுக்கும் வைத்த அமைப்புகளின் தொகுப்பு) எல்லாம் போய், சில நேரம் புரோகிராமே போய், மொத்த லைனும் நிற்கும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒரே நிறுவனத்தின் பக்கத்து மாடலில்கூட இந்த எல்லைகள் வேறு. எஃப்எக்ஸ்3ஜி-யில் டி128 முதல் டி1099 வரை ஈஈப்ராமில் நிற்கும், பேட்டரி தேவையில்லை. ஆனால் டி1100 முதல் டி7999 வரை சாதாரண ரெஜிஸ்டர்கள். பேட்டரி தனியாக வாங்கிப் போட்டு, பாராமீட்டரிலும் சொன்னால்தான் நினைவில் நிற்கும். எஃப்எக்ஸ்3யு-வில் டி2000-இலிருந்து ரெசிபி வைத்து எழுதிய புரோகிராமை அப்படியே எஃப்எக்ஸ்3ஜி-க்கு மாற்றினால் பிழை எதுவும் வராது. இயந்திரம் அன்று மாலை வரை நன்றாகவே ஓடும். மறுநாள் காலையில் ரெசிபி இருக்காது. மாடல் மாற்றும்போது கட்டளைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பவர்கள் ரெஜிஸ்டர்களின் ஆயுளையும் பார்க்க வேண்டும்.

டி8000-க்கு மேலே உள்ளவற்றைப் பற்றிக் கொஞ்சம். அவை தகவல் பலகை போலத்தான், ஆனால் சிலவற்றில் எழுதவும் முடியும் என்பதால் கவனம் வேண்டும். டி8000 வாட்ச்டாக் டைமர், அதாவது ஒரு ஸ்கேன் அளவுக்கு மேல் நீண்டால் பிஎல்சியை நிறுத்தும் நேர வரம்பு. இயல்பாக 200 மில்லி நொடி. டி8010-இல் இப்போதைய ஸ்கேன் நேரம், 0.1 மில்லி நொடி அலகில். டி8011-இல் இதுவரை வந்த குறைந்தது, டி8012-இல் அதிகபட்சம். இயந்திரம் சில நேரம் தாமதமாக நடக்கிறது என்று ஆபரேட்டர் சொன்னால் நான் முதலில் பார்ப்பது டி8012-ஐத்தான். டி8013 முதல் டி8019 வரை கடிகாரம். அனலாக் அடாப்டர் மாட்டியிருந்தால் அதன் அளவும் இந்தப் பகுதிக்கே வந்துவிடும்: முதல் 4ஏடி அடாப்டரின் நான்கு சேனல்களும் டி8260 முதல் டி8263 வரை. வலப்பக்கம் மாட்டும் பெரிய அனலாக் பிளாக் அப்படியல்ல. அதற்கென்று தனி பஃபர் நினைவகம் உண்டு, அதிலிருந்து ஃப்ரம் கட்டளையாலோ யு0 ஜி என்ற முகவரியாலோ நாம்தான் டி-க்கு எடுத்து வர வேண்டும்.

எண்ணிக்கைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அங்கே இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. இன்க் கட்டளையால் 16 பிட்டில் எண்ணினால் 32,767-க்கு அடுத்தது -32,768. நிரம்பி வழிந்ததைச் சொல்லும் கேரி பிட்டுகூட எழாது. ஆகவே டிஇன்க் போட்டு 32 பிட்டாக எண்ணுங்கள்; சென்சாரின் ஒரு துடிப்புக்கு ஒருமுறை மட்டும் ஏறும்படி பல்ஸ் வடிவில் போடுங்கள், இல்லாவிட்டால் சென்சார் ஆன் ஆகியிருக்கும் ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒன்று ஏறும். எண்ணிக்கை டி600, டி601 இரண்டையும் எடுக்கும். 1,00,000 வந்ததும் உள்ளே பார்த்தால் டி601-இல் 1, டி600-இல் -31,072 இருக்கும். இது சரிதான்: 65,536-உம் 34,464-உம் சேர்ந்து 1,00,000, அந்த 34,464-ஐத்தான் 16 பிட் பார்வை கழித்தலாகக் காட்டுகிறது. இந்த நிலையில் யாராவது டி601 காலி என்று நினைத்து அதில் பூஜ்யத்தை எழுதினால் ஒரு லட்சம் 34,464 ஆகிவிடும்.

எண்ணிக்கை 32 பிட் ஆனதும் பெருக்கலையும் டிமல் ஆக்க வேண்டும். அப்போது எடையையும் அது 32 பிட்டாகவே படிக்கும், அதாவது டி102-ஐ டி103-ஓடு சேர்த்து. டி103-இல் வேறு ஏதேனும் இருந்தால் எடை தாறுமாறாகிவிடும். எடையை டி610-க்கு மாற்றி, டி611-ஐப் பூஜ்யமாக அதற்கே விட்டுவிடுங்கள். விடைக்கு டி620 முதல் டி623 வரை. சீலிங் நேரத்தை இவை எதற்கும் பக்கத்தில் வைக்காமல் டி700-க்குக் கொண்டுபோங்கள், டைமரின் செட்பாயின்ட்டிலும் அதையே காட்டுங்கள்.

புள்ளி எண்களைப் பற்றி ஒன்று மட்டும். எஃப்எக்ஸ்3யு 32 பிட் ஐஇஇஇ வடிவத்தில் இரண்டு ரெஜிஸ்டர்களில் அதை வைக்கிறது. 25.5 டிகிரி என்பதை டி300-இல் வைத்தால் டி300-இல் 0, டி301-இல் 16,844 தெரியும். 32 பிட் முழு எண்ணாகப் படித்தால் 110 கோடியே 38 லட்சத்து 88 ஆயிரத்து 384. இதைப் பார்த்துக் குப்பை வந்திருக்கிறது என்று அழித்தவர்கள் உண்டு. முழு எண்ணுக்கான கூட்டலைப் புள்ளி எண்ணின் மேல் போட்டாலும் பிஎல்சி மறுக்காது, பிட்டுகளைக் கூட்டிக் கொடுத்துவிடும். புள்ளி எண்ணுக்கு டிஇஆட், டிஇமல் என்ற தனிக் கட்டளைகள். முழு எண்ணை அங்கே கொண்டுபோக எஃப்எல்டி, திரும்பக் கொண்டுவர இன்ட்.

இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்களான வி0 முதல் வி7, இசட்0 முதல் இசட்7 வரை உள்ளவை ரெசிபிக்குக் கைகொடுப்பவை. ஒவ்வொரு ரெசிபிக்கும் 20 ரெஜிஸ்டர் என்று டி1000-இலிருந்து அடுக்கினால், ரெசிபி எண்ணை 20-ஆல் பெருக்கி இசட்0-இல் வைத்து டி1000இசட்0 என்று எழுதலாம்; 1000-ஓடு இசட்0-இல் உள்ளதைக் கூட்டினால் வரும் எண்ணுள்ள ரெஜிஸ்டர் என்று அதற்குப் பொருள். ஒரே பிமூவ் வரியில் எந்த ரெசிபியையும் வேலைப் பகுதிக்கு எடுத்துவிடலாம். ஆனால் ஆபரேட்டர் ஸ்கிரீனில் தவறான ரெசிபி எண் கொடுத்தால், இசட்0 ரெசிபிப் பகுதியைத் தாண்டி வேறொருவர் வீட்டுக்குள் போய்ப் படிக்கும், எழுதச் சொன்னால் எழுதவும் செய்யும். டி7999-ஐயே தாண்டினால்தான் எம்8067 ஆன் ஆகிப் பிழை எண் டி8067-இல் வரும். அதற்கு உட்பட்ட தவறுகளை பிஎல்சி தவறாகவே கருதாது. எனவே பெருக்கும் முன்பே ரெசிபி எண்ணுக்கு எல்லை போடுங்கள்.

டி போதாது என்றால் ஆர்0 முதல் ஆர்32767 வரை விரிவு ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. இவையும் பேட்டரியில் நிற்பவை. மெமரி கேசட் போட்டால் அதற்குள் ஈஆர் என்ற கோப்பு ரெஜிஸ்டர்கள். பேட்டரி போனாலும் ஈஆர் அழியாது, ஆனால் கேசட்டில் எழுத 10,000 முறைதான் வரம்பு. எழுதும் கட்டளையை எப்போதும் ஆன் ஆக இருக்கும் பிட்டோடு சேர்த்துவிட்டால், சில மில்லி நொடிக்கு ஒரு ஸ்கேன் ஓடும் பிஎல்சியில் அந்த வரம்பு சீக்கிரமே தீர்ந்துவிடும்.

வெளியிலிருந்து படிக்கும்போது எண்கள் வேறு உடையில் வரும். பிஎல்சியோடு மற்ற கருவிகள் பேசும் முறையான மோட்பஸ் 1979-இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்தது; அதில் ஹோல்டிங் ரெஜிஸ்டர்களை 40001 என்று தொடங்கி எழுதுவார்கள், ஆனால் கம்பியில் போகும் முகவரி 0. கணினியிலிருந்து இயந்திரத்தைக் கண்காணிக்கும் ஸ்கேடா மென்பொருள் ஒன்று 1-இலிருந்து எண்ணும், இன்னொன்று 0-இலிருந்து எண்ணும். எல்லா மதிப்பும் ஒரு இடம் தள்ளித் தெரிந்தால் காரணம் இதுதான். டெல்டா டிவிபி பிஎல்சிகளில் டி0-வின் மோட்பஸ் முகவரி பதினாறடிமானத்தில் 1000, அதாவது 4096. 32 பிட் எண்ணின் எந்தப் பாதி முதலில் வரும் என்பதையும் மோட்பஸ் வரையறுக்கவில்லை. மிட்சுபிஷியில் சிறிய எண்ணுள்ள ரெஜிஸ்டரில் கீழ்ப்பாதி. எதிர்முனையில் தலைகீழாக எதிர்பார்த்தால் 1,00,000 என்பது 200 கோடிக்கு மேல் ஒரு கழித்தல் எண்ணாகத் தெரியும்.

சீமென்ஸ் பக்கம் போனால் இதே சிக்கல் வேறு முகம் காட்டும். அங்கே முகவரி பைட் கணக்கு. எம்டபிள்யு10 என்பது பைட் 10, 11. எம்டபிள்யு11 என்பது பைட் 11, 12. மிட்சுபிஷி பழகிய கை அடுத்தடுத்து எம்டபிள்யு10, 11, 12 என்று எழுதும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இரண்டிரண்டாகத் தாண்ட வேண்டும். பெயர் வைத்து எழுதும் புதிய முறைகளில் இடத்தை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது; அது உண்மையான முன்னேற்றம். ஆனால் மிட்சுபிஷி பிஎல்சிக்குப் புரோகிராம் எழுதும் மென்பொருளான ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்2-இல் லேபிளுக்குத் தானாக ஒதுக்கும் பகுதியும் நீங்கள் கையால் எழுதும் டி எண்களும் ஒரே இடத்தைப் பிடிக்காதபடி பார்ப்பது உங்கள் வேலை.

ரெஜிஸ்டர் பட்டியல் இல்லாத இயந்திரத்தை நான் முழு இயந்திரமாக ஏற்பதில்லை. உங்கள் பேனலில் வயரிங் படம் இருக்கும். அதோடு ஒரு தாள், ஒவ்வொரு டி-க்கும் என்ன, 16 பிட்டா 32 பிட்டா, யார் எழுதுகிறார்கள், நினைவில் நிற்க வேண்டுமா என்று. எழுதுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். படிப்பவர்கள் எத்தனை பேரானாலும் பரவாயில்லை. அந்தத் தாள் இருந்திருந்தால் பெருக்கல் வரியைச் சேர்த்தபோதே டி105-இல் ஆள் இருப்பது தெரிந்திருக்கும்.

தாள் இல்லாத பழைய புரோகிராமில் ஒரு ரெஜிஸ்டரில் யார் எழுதுகிறார்கள் என்று கண்டுபிடிக்க, டி105 என்று தேடினால் மட்டும் போதாது. அதற்கு முன்னால் உள்ள எண்களில் தொடங்கும் 32 பிட் கட்டளைகள், மல், டிவ், பிமூவ், எஃப்மூவ், பிஐடி, இன்டெக்ஸ் சேர்ந்த வரிகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதுவும் பிடிபடாவிட்டால் பொறி வையுங்கள். லேடர் மேலிருந்து கீழே ஓடுகிறது. முதல் வரியில் டி105-ஐ, முன்பு டி7990-இல் எடுத்து வைத்த நகலோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் எம்400-ஐ செட் செய்யுங்கள். அடுத்த வரியில் புது நகல் எடுங்கள். பிறகு புரோகிராமின் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதே ஒப்பீடு, எம்401, எம்402 என்று. மதிப்பு மாறியதும் எரியும் பிட்டுகளில், எம்400-ஐ விட்டுவிட்டுப் பார்த்தால், மிகச் சிறிய எண் எந்தப் பகுதியில் எழுதப்பட்டது என்று காட்டிவிடும். எம்400 மட்டும் எரிந்தால் எழுதியது லேடர் அல்ல, ஸ்கேனின் முடிவில் உள்ளே வந்த டச் ஸ்கிரீனோ மேலே இருக்கும் கணினியோதான். அப்போது அந்தப் பக்கம் உள்ள முகவரிகளைத் திறந்து பாருங்கள்.